எத்தனை வருடம் ஸ்பானிஷ்? தமிழுக்குக் கணக்கு உண்டா?

அமெரிக்காவில் எட்டாம் வகுப்பு முடியப்போகும் நேரத்தில் பிள்ளைகள் ஒரு படிவத்தோடு வீட்டுக்கு வருவார்கள். ஒன்பதாம் வகுப்பில் என்னென்ன பாடம் எடுக்கப்போகிறார்கள் என்று அதில் குறிக்க வேண்டும். கணக்கில் எந்தப் பிரிவு என்பதைப் பற்றி வாரக்கணக்கில் பேச்சு நடக்கும். மொழிப் பாடம் மட்டும் ஒரே நிமிடத்தில் முடிவாகிவிடும்: "ஸ்பானிஷ் போட்டுடு, ரெண்டு வருஷம் போதுமாம்."

அந்த "ரெண்டு வருஷம்" பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. சனிக்கிழமைதோறும் தமிழ்ப் பள்ளிக்குப் போய்வந்த பிள்ளையின் தமிழ் கல்லூரி விண்ணப்பத்தில் எங்கே வரும் என்ற கேள்வி அந்தப் பேச்சில் எழுவதே இல்லை. பதினோராம் வகுப்பில்தான் எழுகிறது. அப்போது பாதி வழிகள் அடைபட்டிருக்கும்.

இரண்டு வருடம் என்ற கணக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களிலிருந்து வந்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகமும் (யூசி) கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகமும் விண்ணப்பிக்கிறவர்களிடம் 15 ஓராண்டுப் பாடங்கள் கேட்கின்றன. 'ஏ' முதல் 'ஜி' வரை ஏழு பிரிவுகள். அவற்றில் 'ஈ' பிரிவு ஆங்கிலம் அல்லாத மொழி: இரண்டு ஆண்டு கட்டாயம். மூன்று ஆண்டு படித்தால் நல்லது என்று யூசி பரிந்துரைக்கிறது. புளோரிடாவின் அரசுப் பல்கலைக்கழகங்களும் ஒரே மொழியில் அடுத்தடுத்த இரண்டு பாடங்கள் கேட்கின்றன. டெக்சாஸில் பள்ளிப் படிப்பை முடிக்கவே ஒரே மொழியில் இரண்டு கிரெடிட், அதாவது இரண்டு ஆண்டுப் பாடக் கணக்கு, வேண்டும். ஆனால் அங்கே மொழிக்குப் பதிலாகக் கணினி நிரல்மொழியில் இரண்டு கிரெடிட் எடுத்தாலும் பள்ளிக்குப் போதும். இங்கேதான் சில குடும்பங்கள் வழுக்கி விழுகின்றன. பள்ளிப் பட்டத்துக்குப் போதுமானது வெளி மாநிலக் கல்லூரிக்கும் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். யூசி அந்த நிரல்மொழிப் பாடத்தை 'ஈ' பிரிவில் சேர்க்காது. பள்ளியின் பட்டமளிப்பு விதி வேறு, கல்லூரியின் சேர்க்கை விதி வேறு. பெற்றோர் பார்க்க வேண்டியது இரண்டாவதை.

போட்டி அதிகமுள்ள தனியார் கல்லூரிகளுக்கு வந்தால் எண்கள் ஏறிவிடும். ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் ஒரே மொழியில் நான்கு ஆண்டுகளைப் பரிந்துரைக்கின்றன. ஸ்டான்ஃபோர்டு மூன்று அல்லது அதற்கு மேல். எம்ஐடி இரண்டு. இவை பரிந்துரைகள்தான், கட்டாயம் இல்லை. இதைக் கேட்டதும் "அப்போ விட்டுடலாம்" என்று முடிவு கட்டுவது தவறு. விண்ணப்பத்தோடு கவுன்சிலர் (பள்ளியின் பாட ஆலோசகர்) அனுப்பும் பள்ளி அறிக்கையில், அந்தப் பள்ளியில் கிடைக்கும் பாடங்களோடு ஒப்பிட்டால் இந்த மாணவர் எடுத்த பாடங்கள் எவ்வளவு கடினமானவை என்று ஒரு கேள்வி இருக்கும். பள்ளியில் ஏபி எனப்படும் கல்லூரித் தரப் பாடமாக ஸ்பானிஷ் இருக்க, மாணவர் இரண்டாம் நிலையோடு நின்றிருந்தால் அது கண்ணில் படும். அந்த இடத்தில் இன்னொரு கடினமான பாடத்தை எடுத்திருந்தால் அதுவும் கண்ணில் படும். பொறியியலுக்கு விண்ணப்பிக்கிற பிள்ளை மூன்றாம் நிலை முடித்துவிட்டு, நான்காம் ஆண்டில் மொழிக்குப் பதிலாக ஏபி இயற்பியலை எடுப்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. வரலாறோ சர்வதேச உறவுகளோ படிக்கப்போகிற பிள்ளை அப்படி விட்டால், ஏன் விட்டது என்ற கேள்வி நியாயமாகவே வரும்.

ஒவ்வொரு கல்லூரியும் என்ன கேட்கிறது என்று பார்க்க நேரான வழி ஒன்று உண்டு. பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் 'காமன் டேட்டா செட்' என்ற புள்ளிவிவரத் தொகுப்பை வெளியிடுகின்றன. அதில் சி5 என்ற பகுதியில், பள்ளியில் ஒவ்வொரு பாடமும் எத்தனை ஆண்டு கட்டாயம், எத்தனை ஆண்டு பரிந்துரை என்று அட்டவணையாகவே இருக்கும். காசு வாங்கும் ஆலோசகர் சொல்வதும் பெரும்பாலும் அந்த அட்டவணையைப் பார்த்துத்தான்.

இனி "ஆண்டு" என்றால் என்ன என்பதற்கு வருவோம். குழப்பம் அதிகம் இங்கேதான். பெரும்பாலான கல்லூரிகள் மாணவர் வகுப்பில் உட்கார்ந்த ஆண்டுகளை எண்ணுவதில்லை. எட்டிய நிலையைப் பார்க்கின்றன. ஏழாம், எட்டாம் வகுப்புகளில் 'ஸ்பானிஷ் 1' முடித்த பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் 'ஸ்பானிஷ் 2' எடுத்தால், அந்த ஒரே ஆண்டில் இரண்டு ஆண்டுக் கணக்கு நிறைவாகிவிடும். கணக்குக்கும் மொழிக்கும் மட்டும் நடுநிலைப் பள்ளிப் பாடத்தை யூசி ஏற்கிறது. மொழியின் அடுத்த நிலைப் பாடத்தில் 'சி' கிரேடு அல்லது அதற்கு மேல் வாங்கினால், அதற்குக் கீழான நிலையையும் முடித்ததாகவே எடுத்துக்கொள்ளும். முதல் ஆண்டில் 'டி' வாங்கித் தடுமாறிய பிள்ளை இரண்டாம் ஆண்டில் தேறினால் பழைய குறை தீர்ந்துவிடும் என்று அர்த்தம். கம்யூனிட்டி காலேஜில் (உள்ளூர் ஈராண்டுக் கல்லூரி) ஒரு பருவம் படிக்கும் மொழிப் பாடம் பெரும்பாலும் பள்ளியின் ஓராண்டுக்காவது சமம். அட்டவணையில் இடமில்லாத பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் இது நல்ல வழி.

ஒரு வழி மட்டும் பெரும்பாலும் செல்லாது: மொழி மாற்றி மொழி எடுப்பது. இரண்டு வருடம் ஸ்பானிஷ், ஒரு வருடம் சீனம், ஒரு வருடம் பிரெஞ்சு என்றால் அது நான்கு ஆண்டு ஆகாது. ஹார்வர்டு கேட்கும் நான்கு ஆண்டுக்கு முன்னால் அது இரண்டு ஆண்டாகத்தான் நிற்கும். ஒரே மொழியில் ஆழமாகப் போனவரைத்தான் தேடுகிறார்கள்.

இந்த எதிர்பார்ப்பு எப்போதும் ஒரே மாதிரி இருந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரிய கல்லூரிகளுக்குள் நுழைய லத்தீனும் கிரேக்கமும் வேண்டியிருந்தது. நூற்றாண்டின் இறுதியில் அந்தப் பிடி தளர்ந்தது, பிரெஞ்சும் ஜெர்மனும் உள்ளே வந்தன. 1915 வாக்கில் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஜெர்மன் படித்துக்கொண்டிருந்தார்கள். முதல் உலகப்போர் வந்தது. பல மாநிலங்கள் ஜெர்மன் கற்பிப்பதையே தடை செய்தன. 1922இல் அந்த விகிதம் நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே போய்விட்டது. ஜெர்மன் விட்டுப்போன இடத்தில் ஸ்பானிஷ் காலூன்றியது. 1957இல் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவியதும், அடுத்த ஆண்டே, வேற்றுமொழிப் படிப்புக்கும் பணம் ஒதுக்கிய தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் பணத்தில் பல்கலைக்கழகங்களில் தெற்காசிய மையங்கள் வளர்ந்தன, தமிழுக்கும் அங்கே இடம் கிடைத்தது. சங்கப் பாடல்களை ஆங்கிலத்தில் தந்த ஏ.கே. ராமானுஜன் சிகாகோ பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்ததும் அந்தக் காலத்தில்தான்.

பிறகு மறுபடியும் சரிவு. 1966இல் 34 சதவீதக் கல்லூரிகள் சேர்க்கைக்கு வேற்றுமொழிப் படிப்பைக் கேட்டன. 1979இல் வேற்றுமொழிப் படிப்பை ஆராய அதிபர் கார்ட்டர் அமைத்த ஆணையம் அறிக்கை தந்தபோது அது 8 சதவீதமாகக் குறைந்திருந்தது. அமெரிக்கப் பள்ளிக் கல்வியின் நிலை பற்றி 1983இல் வந்த 'எ நேஷன் அட் ரிஸ்க்' அறிக்கைதான், கல்லூரிக்குப் போகிற மாணவர்கள் உயர்நிலைப் பள்ளியில் இரண்டு ஆண்டாவது வேற்றுமொழி படிக்க வேண்டும் என்று வலுவாகச் சொன்னது. இன்று பெற்றோர் வாயில் புழங்கும் இரண்டு ஆண்டுக் கணக்கு நாடு முழுதும் பரவியதில் அந்த அறிக்கைக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு மொழியைப் பேசவோ படிக்கவோ இரண்டு ஆண்டு போதும் என்று ஆராய்ந்து கண்டு வைத்த எண் இல்லை அது. அரசியலும் அச்சமும் பட்ஜெட்டும் சேர்ந்து வந்து நின்ற இடம்.

சரி, தமிழுக்கு வருவோம்.

சேர்க்கை அலுவலகம் பார்ப்பது பள்ளி அனுப்பும் டிரான்ஸ்கிரிப்ட்டை, அதாவது பாடங்களும் மதிப்பெண்களும் அடங்கிய பதிவை. பிள்ளை பத்து வருடம் தமிழ் படித்திருக்கலாம், திருக்குறள் போட்டியில் பரிசு வாங்கியிருக்கலாம். டிரான்ஸ்கிரிப்ட்டில் இல்லையென்றால் 'ஆங்கிலம் அல்லாத மொழி' என்ற கட்டத்தில் அது பூஜ்யம். சீனம், ஜப்பானியம், இத்தாலியம் படித்தவர்களுக்கு ஏபி தேர்வு இருக்கிறது. தமிழுக்கும் இந்திக்கும் இல்லை. கல்லூரிச் சேர்க்கைக்கான சாட் பாடத் தேர்வுகள் இருந்த காலத்திலும் கொரிய மொழிக்கும் எபிரேயத்துக்கும் தேர்வு இருந்தது, தமிழுக்கு இருந்ததில்லை. 2021இல் அந்தத் தேர்வுகளே நின்றுவிட்டன. ஆக, நாடு முழுதும் செல்லுபடியாகிற ஒரே தேர்வு எழுதி வேலையை முடிக்கும் வாய்ப்பு நம் பிள்ளைகளுக்கு இல்லை. மாநிலத்துக்கு மாநிலம், பள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வழி தேட வேண்டியிருக்கிறது.

இதில் மிகத் தெளிவான ஏற்பாடு வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கிறது. ரெட்மண்ட், சமாமிஷ், பாத்தல் பகுதிகளில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது ஓரளவு பழக்கமானது. மாணவர் அந்த மொழியை எங்கே கற்றார் என்று மாநிலம் கேட்பதில்லை. பள்ளி மாவட்டம் ஏற்கும் திறன் தேர்வு ஒன்றை எழுதினால் போதும். தொடக்க நிலையின் நடுப்படிக்கு ஒரு கிரெடிட், அதன் மேல்படிக்கு இரண்டு, இடைநிலையின் கீழ்ப்படிக்கு மூன்று, நடுப்படிக்கு நான்கு. வீட்டிலும் வார இறுதிப் பள்ளியிலும் கற்ற தமிழ் இப்படி நான்கு ஆண்டு மொழிப் பாடமாகவே டிரான்ஸ்கிரிப்ட்டில் ஏறிவிடும். மற்ற மாநிலங்களும் இதைப் பார்த்துச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். எங்கே கற்றாய் என்பதைவிட என்ன தெரியும் என்று கேட்பதுதான் நேர்மை.

இரண்டாவது வழி இருமொழித் தேர்ச்சி முத்திரை. 'சீல் ஆஃப் பைலிட்டரசி' என்று சொன்னால்தான் பள்ளியில் புரியும். கலிபோர்னியாவில் 2011இல் சட்டமாகி, அடுத்த ஆண்டு முதல் பட்டதாரிகளுக்கு வழங்கப்பட்டது. பிறகு நாடு முழுதும் பரவியது. ஆங்கிலத்திலும் இன்னொரு மொழியிலும் குறிப்பிட்ட தேர்ச்சி காட்டுகிறவர்களுக்குப் பட்டத்திலும் டிரான்ஸ்கிரிப்ட்டிலும் இந்த முத்திரை விழும். இதன் மதிப்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இல்லினாய் சட்டப்படி அங்குள்ள அரசுக் கல்லூரிகள் முத்திரையைப் பள்ளியில் படித்த இரண்டு ஆண்டு வேற்றுமொழிப் பாடத்துக்குச் சமமாக ஏற்க வேண்டும். பல இடங்களில் அது கௌரவம் மட்டும்தான். பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்பின் கடைசியில் தருகிறார்கள் என்பதும் ஒரு சிக்கல். விண்ணப்பம் அனுப்புவதோ அதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில். அதனால் தேர்வைப் பத்து அல்லது பதினோராம் வகுப்பிலேயே எழுதி, முத்திரைக்குத் தகுதி பெற்றுவிட்டதாகக் கவுன்சிலரைக் குறிப்பு எழுதச் சொல்வது நல்லது.

மூன்றாவது வழி தமிழ்ப் பள்ளியின் பாடமே கிரெடிட்டாக மாறுவது. 1998இல் சான்ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் தொடங்கிய கலிபோர்னியா தமிழ்க் கழகம் மேற்கு மாநிலப் பள்ளிகளை மதிப்பிடும் வாஸ்க் அமைப்பின் அங்கீகாரம் பெற்றது. அமெரிக்கத் தமிழ்க் கல்விக்கழகத்தின் பாடத்திட்டத்தைப் பல மாநிலத் தமிழ்ப் பள்ளிகள் பின்பற்றுகின்றன. இந்தப் பள்ளிகளை நடத்துகிறவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். வேலை முடித்துவிட்டு இரவில் உட்கார்ந்து அங்கீகாரக் கோப்புகளைத் தயாரித்து, பள்ளி மாவட்ட அலுவலகங்களுக்கு நடையாய் நடந்து வாங்கித் தந்த வசதி இது. ஆனால் ஒரு பள்ளிக்கு அங்கீகாரம் இருப்பதால் மட்டும் கிரெடிட் தானாக வந்துவிடாது. உங்கள் பிள்ளை படிக்கும் உயர்நிலைப் பள்ளியின் மாவட்டம் அதை ஏற்க வேண்டும். சில மாவட்டங்கள், வெளியே படிக்கத் தொடங்கும் முன்பே அனுமதிப் படிவம் தரச் சொல்கின்றன. முடித்துவிட்டுப் போய்க் கேட்டால் "முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்பார்கள். தமிழ் கிரெடிட் ஒன்பதாம் வகுப்பிலேயே பேச வேண்டிய விஷயம் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

நான்காவது வழி, கலிபோர்னியாவுக்கு விண்ணப்பிக்கிறவர்களில் சிலருக்கு. ஆறாம் வகுப்பிலோ அதற்கு மேலோ இரண்டு ஆண்டு, ஆங்கிலம் அல்லாத மொழியைப் பயிற்றுமொழியாகக் கொண்ட பள்ளியில் தேர்ச்சியோடு படித்திருந்தால், 'ஈ' பிரிவு நிறைவேறியதாக யூசி எடுத்துக்கொள்கிறது. தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ தமிழ்வழியில் ஏழாம் வகுப்பு வரை படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு இது நேராகப் பொருந்தும். இப்படி வந்த பிள்ளையை அவசரமாக 'ஸ்பானிஷ் 1'இல் சேர்ப்பதற்கு முன்னால் பழைய பள்ளியின் மதிப்பெண் பட்டியலைத் தேடி எடுத்துவைப்பது நல்லது.

தேர்வைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பள்ளி மாவட்டங்கள் பரவலாக ஏற்பது அவான்ட் நிறுவனத்தின் ஸ்டாம்ப் தேர்வையும் அமெரிக்க வேற்றுமொழி ஆசிரியர் அமைப்பான ஆக்ட்ஃபலின் தேர்வுகளையும். ஸ்டாம்ப் வரிசையில் எழுத்தையும் பேச்சையும் மட்டும் சோதிக்கும் வடிவம் ஒன்று உண்டு, தமிழ் அதில்தான் வருகிறது. வீட்டில் சரளமாகத் தமிழ் பேசும் பிள்ளை இதை ஊதித் தள்ளிவிடும் என்று நினைக்கிறோம். அப்படி நடப்பதில்லை. வீட்டுப் பேச்சு சாப்பாடு, தூக்கம், "ஷூவ எடுத்து வை" என்ற வட்டத்துக்குள் சுற்றுகிறது. தேர்வு ஒரு பிரச்சினையை விவரி, இரண்டு கருத்துகளை ஒப்பிடு, நடந்ததை வரிசையாகச் சொல் என்று கேட்கும். இடைநிலையைத் தொட, ஒற்றை வாக்கியங்களாகச் சொல்ல வரவேண்டும். அதற்கு மேலே போக, வாக்கியங்கள் ஒன்றோடொன்று கோத்து ஒரு பத்தியாக வரவேண்டும். "ஆனாலும்", "அதனால", "அப்படி இருந்தும்" போன்ற இணைப்புகள் பிள்ளையின் வாயில் இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தாலே அது எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று தமிழுக்கே உரிய சிக்கல். பேச்சில் "வந்துட்டு இருக்காங்க" என்று சொல்கிற பிள்ளை, எழுத்தில் "வந்துகொண்டிருக்கிறார்கள்" என்று எழுத வேண்டும். ஸ்பானிஷ் படிக்கும் பிள்ளைக்கு இந்த இரட்டைச் சுமை இந்த அளவுக்கு இல்லை. தமிழ்ப் பள்ளிகளில் எழுத்து வழக்கைத்தான் அதிகம் கற்பிக்கிறார்கள். அதனால் பேச்சுத் தேர்வில் பிள்ளை மேடைப் பேச்சு மாதிரி விறைப்பாகப் பேசி, பாதியில் சொல் கிடைக்காமல் நின்றுவிடுகிறது. பேச்சுப் பகுதிக்கு வீட்டில் பேசுகிற தமிழிலேயே நீளமாகப் பேசிப் பழக்க வேண்டும். பாட்டியோடு வீடியோ அழைப்பில் அரை மணி நேரம், பள்ளியில் நடந்த ஏதாவது ஒன்றை முழுதாகச் சொல்லச் சொன்னாலே நல்ல பயிற்சி. எழுத்துப் பகுதிக்குத் தட்டச்சு. நோட்டில் அழகாக எழுதும் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் விசைப்பலகை தெரியாது. நேரக் கட்டுப்பாட்டுக்குள் 'ழ'வையும் 'ற'வையும் தேடிக்கொண்டிருந்தால் தெரிந்ததையும் எழுத முடியாது. தேர்வுக்குச் சில மாதம் முன்பே தட்டச்சுப் பழக்கத்தைத் தொடங்கிவிட வேண்டும்.

அப்படியானால் தமிழ் கிரெடிட் வாங்கிவிட்டு ஸ்பானிஷை விட்டுவிடலாமா? மாநிலப் பல்கலைக்கழகம் மட்டும் இலக்கு என்றால், தமிழ் டிரான்ஸ்கிரிப்ட்டில் ஏறியிருந்தால், விடலாம். அந்த நேரத்தில் பிள்ளை வேறு நல்ல பாடம் படிக்கட்டும். ஹார்வர்டு மாதிரி இடங்களையும் குறிவைத்தால், வகுப்பறையில் இன்னொரு மொழியை மூன்றாம் நிலை வரையாவது கொண்டுபோவது பாதுகாப்பானது என்று நினைக்கிறேன். ஏற்கெனவே தெரிந்த மொழிக்குத் தேர்வு எழுதியவரையும், தெரியாத மொழியில் உழைத்து ஏறியவரையும் அங்கே வேறு வேறாகப் படிக்கக்கூடும். இரண்டையும் காட்டுகிற விண்ணப்பம் பலமானது. பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப்பில் எந்தெந்த மொழி பேசுவாய், படிப்பாய், எழுதுவாய், வீட்டில் எது பேசுகிறீர்கள் என்று கேட்கும் பகுதி ஒன்று உண்டு. அதில் தமிழைக் குறிக்க யாரும் தயங்க வேண்டாம். தமிழ்ப் பள்ளியில் சிறுபிள்ளைகளுக்கு உதவி ஆசிரியராக இருந்தால் செயல்பாடுகள் பட்டியலில் அதை நல்ல இடத்தில் வையுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து நேரடியாக விண்ணப்பிக்கும் மாணவர்களுக்கு நிலைமை வேறு. ஒன்பதாம் வகுப்பு முதலான மதிப்பெண்களை அமெரிக்கக் கல்லூரிகள் கேட்கும். ஒன்பது, பத்தில் படித்த தமிழோ இந்தியோ அதில் வந்துவிடும். சிபிஎஸ்இ பள்ளியில் பத்தாம் வகுப்போடு இரண்டாம் மொழி நின்றுபோவது வழக்கம் என்பது இந்திய விண்ணப்பங்களைப் படிக்கிறவர்களுக்குப் புதிய செய்தி இல்லை. மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன்னில் மதிப்பெண்ணுக்காகத் தமிழை விட்டுப் பிரெஞ்சுக்கு மாறுகிறார்கள் நிறைய பேர். அமெரிக்கா போகும் எண்ணம் இருந்தால் அப்படி மாற அவசியம் இல்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஒரே மொழியைத் தொடர்ந்து படித்த பதிவு, அங்கே கேட்கும் தொடர்ச்சிக்குச் சரியாகப் பொருந்துகிறது. இரண்டு வருடத் தொடக்கநிலைப் பிரெஞ்சைவிட அது எடை கூடியது.

சேர்க்கை கிடைத்த பிறகும் மொழி விடாது. பல கல்லூரிகளில் பட்டம் வாங்கவே ஒரு வேற்றுமொழியில் குறிப்பிட்ட நிலையை எட்ட வேண்டும். நுழைவுக் கட்டத்தில் கைகொடுக்காத தமிழ் இங்கே கைகொடுக்கலாம். பெர்க்லி, சிகாகோ, பென்சில்வேனியா போன்ற தமிழ் கற்பிக்கும் பல்கலைக்கழகங்களில் நிலை அறியும் தேர்வு எழுதி அந்த நிபந்தனையிலிருந்து விடுபடலாம், அல்லது மேல்நிலைத் தமிழ் வகுப்பில் சேரலாம். தமிழ்த் துறை இல்லாத இடங்களில் ஆக்ட்ஃபல் வாய்மொழித் தேர்வின் முடிவை ஏற்பார்களா என்று மொழித் துறையிடமோ பாட ஆலோசகரிடமோ கேட்க வேண்டும். கேட்பதானால் முதல் பருவத்துக்குப் பாடம் பதிவு செய்வதற்கு முன்பே, அந்தக் கோடையிலேயே கேட்டுவிட வேண்டும். பதிவு முடிந்த பிறகு கேட்டால், பெரும்பாலும் 'ஸ்பானிஷ் 101' ஏற்கெனவே அட்டவணையில் உட்கார்ந்திருக்கும்.